பெர்லின், பெல்ஃபாஸ்ட், கல்கத்தா... மணியாச்சிக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வேண்டாமா?

கொக்கிரகுளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். போன ஐப்பசி மழையில் தொடங்கி இன்றுவரை ஒரே வகை நாவல்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நாடே பற்றி எரிகிற காலம். தெருவில் துப்பாக்கிச் சூடு, ஊர்வலம், வெடிகுண்டு. அதற்கு நடுவே ஒரு போலீஸ்காரர் யாரோ ஒருவர் செத்ததற்குத் துப்புத் துலக்கிக்கொண்டிருப்பார். தினம் நூறு பேர் சாகிற ஊரில் இந்த ஒரு சாவுக்கு ஏன் இவ்வளவு அலைச்சல் என்று எல்லாரும் அவரைக் கேட்பார்கள். இந்த இடம்தான் என்னைக் கட்டிப்போட்டுவிட்டது.

பெர்னி குந்தரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். ஃபிலிப் கெர் எழுதிய வரிசை, முதல் நாவல் 1989இல் வந்தது. கதை நடப்பது 1936இல், பெர்லினில். நாஜிகள் வந்த பிறகு போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறிந்து பிழைக்கிறவர். காணாமல்போனவர்களைத் தேடிக் கொடுப்பதில்தான் நல்ல வரும்படி, ஏனென்றால் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த நாவலில் நாஜி போலீஸ் தலைவர் ஹெய்ட்ரிஷ் கூப்பிட்டு அனுப்புகிறார், மறுக்க முடியாமல் திரும்பப் போலீசுக்கே போகிறார். அதே பெர்லினில் சில வருஷம் முன்னால், 1929இல், ஃபோல்கர் குச்சரின் கெரெயோன் ராத். அந்த வருஷம் மே தினத்தன்று தொடங்கி மூன்று நாள் போலீஸ் தொழிலாளர் தெருக்களில் சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ராத் கொலோன் நகரத்திலிருந்து மாற்றலாகி வந்து அதற்குள்ளே விழுகிறார். நாவலின் பெயர் ‘நனைந்த மீன்’. துலங்காத வழக்கைப் பெர்லின் போலீஸ் அப்படித்தான் சொல்வார்களாம்.

ஆனால் எனக்கு இவர்களைவிட நெருங்கிவிட்டவர் ஷான் டஃபி. ஏட்ரியன் மெக்கின்டி எழுதியது, வட அயர்லாந்து, 1981. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த பாபி சாண்ட்ஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்து செத்துப்போன வருஷம். டஃபி கத்தோலிக்கர். வேலை பார்ப்பதோ புராட்டஸ்டண்டுகள் நிறைந்த போலீஸ் படையில். குடியிருப்பது கேரிக்ஃபெர்கஸில் ஒரு புராட்டஸ்டண்ட் தெருவில். தினம் காலையில் வீட்டை விட்டு வெளியே வந்ததும் குனிந்து தன் பிஎம்டபிள்யூ காருக்கு அடியில் பார்க்கிறார், பாதரச விசை வைத்த குண்டு கட்டியிருக்கிறதா என்று. நாவலுக்கு நாவல், நாளுக்கு நாள், இந்தக் குனிதல் வந்துகொண்டே இருக்கிறது. நான் படிக்கையில் ஒரு இடத்தில் அவர் அவசரத்தில் கிளம்பும்போது ‘பார்த்தாயா, பார்த்தாயா’ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

கேள்வி இதுதான். இவர்களை எதை வைத்து ஒப்பிடுவது? யார் மூளைக்காரர் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. யார் நேர்மையானவர் என்று பார்க்கலாம், ஆனால் இவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு இடத்தில் வழுக்கியவர்கள்தான். அப்புறம் இன்னொரு ஆதங்கம். மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்ற மாவட்டத்துக்காரர்கள் நாம். நமக்கு இப்படி ஒருவரை யாராவது எழுதினார்களா? எழுதினால் அவர் எப்படி இருப்பார்?

செங்கோட்டை பாசஞ்சர்:

அண்ணாச்சி, ஒருவரை விட்டுவிட்டீர்களே. அபிர் முகர்ஜியின் கல்கத்தா நாவல்கள். 2016இல் முதலாவது வந்தது, கதை 1919 ஏப்ரலில், அதாவது ஜாலியன்வாலாபாக் நடக்கிற அதே மாதம். கதாநாயகன் சாம் விண்டம் என்ற வெள்ளைக்கார அதிகாரி. முதல் உலகப் போருக்குப் போய் உடைந்து வந்தவர், அபின் பழக்கம். ஆனால் நான் சொல்ல வருவது அவரைப் பற்றி இல்லை. அவருக்குக் கீழே வேலை பார்க்கிற சார்ஜன்ட் பானர்ஜி. கேம்பிரிட்ஜில் படித்தவர். சுரேந்திரநாத் என்ற அழகான பெயரை வெள்ளைக்காரர்கள் வாயில் நுழையாமல் ‘சரண்டர்-நாட்’ ஆக்கிவிட்டார்கள். ‘சரணடையாதே’ என்று அர்த்தம். சரணடைய வேண்டாம் என்ற பெயரோடு வெள்ளைக்காரனுக்கு சல்யூட் அடித்துக்கொண்டு நிற்கிறார்!

வீட்டில் அவரை ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். 1921 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வரும்போது ஒத்துழையாமை இயக்கம் கொதிக்கிறது. அந்த நாவலில் அவர் படும் பாடு ஒரு பக்கத்தில்கூட வாய்விட்டுச் சொல்லப்படாது, ஏனென்றால் கதை சொல்வது விண்டம். நாம் விண்டமின் கண் வழியாகத்தான் பானர்ஜியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தாவது நாவலில்தான், 2021இல் வந்தது, பாதிக் கதையைப் பானர்ஜியே தன் வாயால் சொல்கிறார். நாலு நாவல் காத்திருந்தேன் அதற்கு. அந்த முதல் அத்தியாயத்தை வாசித்தபோது, நம் வீட்டுத் திண்ணையில் இத்தனை காலம் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒருவர் சட்டென்று வாய் திறந்தது போல இருந்தது.

என் அளவுகோல் இதுதான்: யார் வாயால் கதை சொல்லப்படுகிறது. நம்மூரில் எழுதினால் பானர்ஜி வாயால்தான் எழுத வேண்டும், விண்டம் வாயால் கூடாது.

தூத்துக்குடி டீச்சர்:

நல்ல இழை. நானும் ஒருவரைச் சேர்க்கிறேன். இத்தாலியில் கார்லோ லுக்காரெல்லி எழுதிய கமிஷனர் டெ லூக்கா. நான் சொல்வது முதலில் வந்த மூன்று சின்ன நாவல்களை, முதலாவது 1990இல் வந்தது. கதை 1945 ஏப்ரல், முசோலினியின் கடைசி ஆட்சி நொறுங்கிக்கொண்டிருக்கிற வாரங்கள். டெ லூக்கா முன்பு அரசியல் போலீசில் இருந்தவர், இப்போது சாதாரணக் கொலை வழக்குகளுக்கு மாறி வந்திருக்கிறார். தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது. யார் கேட்டாலும், நான் வெறும் போலீஸ்காரன், என் வேலை கொலைகாரனைப் பிடிப்பது, அவ்வளவுதான் என்பார்.

இரண்டாம் நாவலில் ஆட்சி மாறிவிட்டது. பொய்ப்பெயரில் ஒளிந்து திரிகிறார். முன்னாள் கொரில்லா வீரராக இருந்து இப்போது போலீசாகிவிட்ட ஒரு இளைஞன் இவரை அடையாளம் கண்டுபிடிக்கிறான். காட்டிக்கொடுக்கவில்லை. ‘எனக்குத் துப்புத் துலக்கத் தெரியாது, நீ சொல்லிக்கொடு’ என்கிற நிலைமை அவனுக்கு. எப்பேர்ப்பட்ட இடம் பாருங்கள்! தொழில் தெரிந்தவனுக்கு மனசாட்சி இல்லை, மனசாட்சி உள்ளவனுக்குத் தொழில் தெரியவில்லை.

நான் இவரை நேசிக்கவில்லை. ஆனால் மற்ற எல்லாரையும்விட இவர்தான் உண்மையானவர் என்று படுகிறது. குந்தர் நாஜிகளைக் கிண்டல் செய்து பேசுவார், நமக்கு அவர்மேல் பிரியம் வந்துவிடும். டெ லூக்கா அப்படி எந்தச் சலுகையும் தருவதில்லை. அவர் அரசியல் போலீசில் இருந்தபோது என்ன செய்தார் என்று கதாசிரியர் நம் கண்ணில் காட்டாமலே மூன்று நாவலையும் நடத்துகிறார். அது கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று மட்டும் நமக்குத் தெரியும்.

அம்பை வாசகன்:

மன்னிக்கணும், எனக்கு இந்தப் பேச்சே கொஞ்சம் உறுத்துகிறது. பெர்லினிலும் பெல்ஃபாஸ்டிலும் போலீஸ்காரரைக் கதாநாயகனாக வைத்து எழுதட்டும். நம்மூரில் எப்படி முடியும்?

1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் பிடித்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடை அடைப்பு. இந்துக் கல்லூரிப் பையன்கள் தெருவில் இறங்கினார்கள். நகராட்சி அலுவலகம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், முன்சீப் கோர்ட் எல்லாம் எரிந்தன. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு நாள் கணக்காக எரிந்தது. போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர் பெயரையாவது இங்கே எழுதுகிற நம்மில் யாராவது உடனே சொல்ல முடியுமா? அதற்குப் பிறகு தண்டப்போலீஸ் வைத்து, அந்தச் செலவையும் ஊர் ஜனங்கள் தலையிலேயே கட்டினார்கள்.

வெள்ளைக்காரன் போன பிறகாவது மாறியதா? கம்யூனிஸ்டுகள்மேல் போட்ட நெல்லைச் சதி வழக்கில் பிடிபட்ட தோழர் நல்லகண்ணுவின் மீசையைப் போலீஸ்காரர்கள் சிகரெட்டால் பொசுக்கினார்கள். இது நடந்தது சுதந்திர இந்தியாவில். இந்த மண்ணில் ஒரு இன்ஸ்பெக்டரை நடுவில் நிறுத்தி, அவர் மனப் போராட்டம் என்று முந்நூறு பக்கம் எழுதினால், அடிபட்டவன் எந்தப் பக்கத்தில் வருவான்? சாட்சியாகவா, பிரேதமாகவா? இதை நான் கோபத்தில் எழுதவில்லை. எங்கள் தாத்தா வீட்டில் போலீஸ் புகுந்து நெல் குதிரைக் கவிழ்த்துத் தேடிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆச்சி சாகும்வரை அந்தக் குதிரின் உடைந்த வாயைச் சுண்ணாம்பு பூசித்தான் வைத்திருந்தாள். புதுசு வாங்க விடமாட்டாள்.

ஓய்வுபெற்ற ரைட்டர்:

தம்பி அம்பை வாசகன் சொன்னதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் எழுதாமல் இருந்தேன். நான் முப்பது வருஷம் போலீசில் வேலை பார்த்தவன். பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டராக. துப்பாக்கி தூக்கினதைவிடப் பேனா பிடித்ததுதான் அதிகம். தம்பி சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் கிடையாது. ஒன்று மட்டும் சொல்லலாமா?

இந்த நாவல்களில் முக்கால்வாசியில் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி ஒப்புக்கொள்வான். போலீஸ்காரர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டுவான். நம் நாட்டில் அந்தக் காட்சிக்கு மதிப்பே கிடையாது. 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நிரூபணமாக வைக்கக்கூடாது என்கிறது. இப்போது சட்டத்தின் பெயர் மாறிவிட்டது, விதி அப்படியேதான் இருக்கிறது. ஏன் அப்படி வைத்தான் வெள்ளைக்காரன்? போலீஸ் எப்படி வாக்குமூலம் வாங்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தம்பி சொன்ன மீசைக் கதைக்கான பதில் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

அதனால் நம்மூர்த் துப்பறிவாளர் வேறு மாதிரி வேலை செய்தாக வேண்டும். ஒப்புதல் உதவாது என்றால் அப்ரூவர் வேண்டும். உள்ளே இருந்த ஒருவனுக்கு மன்னிப்புக் கொடுத்து மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைக்க வேண்டும். ஆஷ் வழக்கில் அதுதான் நடந்தது. ஒட்டப்பிடாரத்து ஆறுமுகம் பிள்ளை அப்ரூவர் ஆனார். அவர் வாயிலிருந்து பெயர்கள் வர வர வழக்கு பெருத்தது. பதினாலு பேர் குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். பிடிபடுவதற்கு முன்னாலேயே ரெண்டு பேர் உயிரை விட்டுவிட்டார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒருவனை அப்ரூவராக்குவது அடித்து நடக்கிற காரியமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாடு வாங்கிக் கொடுத்து, அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு, மெல்ல மெல்ல அவனைத் தன் ஆட்களிடமிருந்து பிரிக்க வேண்டும். தமிழ் தெரியாத வெள்ளைக்கார அதிகாரியால் அது ஆகாது. அதைச் செய்தது யாரோ ஒரு தமிழன். அந்த ஆள்தான் உங்கள் கதாநாயகன். நல்லவன் என்று நான் சொல்லவில்லை.

கொக்கிரகுளத்தான்:

அண்ணாச்சி, இந்தப் பதிலை நாலு தடவை வாசித்துவிட்டேன். நான் முதலில் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பிடி கிடைத்தது. இவர்களை ஒப்பிட வேண்டியது என்ன கண்டுபிடித்தார்கள் என்பதை வைத்து இல்லை. கண்டுபிடித்ததில் எதைக் காகிதத்தில் எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்பதை வைத்து. குந்தர் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டு அதை எங்கேயும் எழுத முடியாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார். டெ லூக்கா எழுதுகிறவர். யாருக்காக எழுதுகிறோம் என்று கேட்காமலே எழுதிக்கொண்டே போகிறவர். பானர்ஜி எழுதினால் வீடு போகும், எழுதாவிட்டால் வேலை போகும்.

அம்பை வாசகன் தம்பிக்கு: அடிபட்டவன் எந்தப் பக்கத்தில் வருவான் என்று கேட்டீர்களே, நியாயமான கேள்வி. அவன் கேஸ் டைரியில் ஒரு வரியாக வருவான். அந்த ஒரு வரியை எழுதுகிறவனின் கை நடுங்கியதா என்று நாவல் பார்க்கலாம் அல்லவா?

பொருநைக்கரை பேத்தி:

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கை நடுங்கியதா என்று கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா 1942இல் கடற்கரைப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டு. அந்த வருஷம்தான் குலசேகரன்பட்டினத்தில் உப்பளத்தில் உப்பு இலாகா அதிகாரி லோன் துரை கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் போலீஸ் என்ன ஆட்டம் ஆடியது என்று எங்கள் பக்கத்துக் கிழவர்கள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். பையன்கள் தேரிக்காட்டில் பனைகளுக்கு நடுவே ஒளிந்து கிடந்தார்களாம். கடைசியில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இருவருக்குத் தூக்குத் தண்டனை என்று தீர்ப்பானது. நல்ல வேளை, அது நிறைவேறவில்லை.

தாத்தாவைப் பற்றி ஆச்சி சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, அந்த நாட்களில் அவருடைய பெல்ட்டை வீட்டுக்குள்ளே கொண்டுவர ஆச்சி விடவில்லை. கிணற்றடியில் துவைகல்லின் மேல் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். பித்தளைக் கொக்கியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கொடுப்பது முன்பெல்லாம் ஆச்சியின் வேலை. அந்த வருஷம் நிறுத்திவிட்டாள். கொக்கி பச்சை பூத்துப்போய், அதற்காக மேலதிகாரியிடம் தாத்தா வாங்கிக் கட்டிக்கொண்டாராம். அப்போதும் ஆச்சி தேய்க்கவில்லை.

இரண்டாவது விஷயம், தாத்தாவின் இருமல். ராத்திரி சோதனைக்குப் போகும்போது அவர் தெரு முக்கிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு, காறிக்கொண்டு, இருமிக்கொண்டுதான் வருவார். பக்கத்தில் வருகிற இன்ஸ்பெக்டரிடம், ‘பனிக்காத்து எனக்குச் சேராது, எஜமான்’ என்பாராம். மூன்று தெருவுக்கு அந்த இருமல் தெரியும். அது கேட்டதும் பின்வாசல் கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்கும். ஆனால் எல்லா வீட்டுக்கும் அவர் இருமவில்லை. இருமாமல் போன வீடும் உண்டு. ஏன் அந்த வீட்டுக்கு இருமவில்லை என்று ஆச்சி கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் சொல்லவே இல்லை.

அம்பை வாசகன்:

அக்கா, அந்த இருமாத வீட்டை எழுதினால் நான் வாசிப்பேன். கட்டாயம் வாசிப்பேன். என் எதிர்ப்பை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் இருமலை மட்டும் எழுதி இருமாத வீட்டை விட்டுவிடுகிற நாவல் வந்தால் அதை முதலில் கிழிக்கிறவனும் நானாகத்தான் இருப்பேன். ஏட்டையாவின் நல்ல மனசு என்று முடித்துவிடுவார்கள், அதுதான் என் பயம்.

தூத்துக்குடி டீச்சர்:

ஒரு தகவல், இந்த இடத்தில் சொன்னால் பொருந்தும். தமிழில் துப்பறியும் கதை தொடங்கியதே போலீஸ்காரரை வைத்துத்தான். பண்டித நடேச சாஸ்திரி 1894இல் எழுதிய ‘தானவன் என்ற போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புதக் குற்றங்கள்’. அதற்குப் பிறகு வடுவூர் துரைசாமி ஐயங்கார் கதைகளில் திகம்பர சாமியார் மாதிரி ஆட்கள் வந்துவிட்டார்கள். பின்னால் வந்த மாத நாவல் துப்பறிவாளர்கள் எத்தனையோ பேர். ஆனால் வ.உ.சி. கப்பல் கம்பெனி தொடங்கிய வருஷம் 1906. சென்னை மாகாணத்தில் சிஐடி பிரிவு தொடங்கியதும் அதே 1906. இந்த இரண்டையும் ஒரே கதையில் வைத்து எழுத நமக்கு ஏன் தோன்றவில்லை? அந்தக் காலத்துச் சீர்திருத்தத்தில்தான் இந்தியர்களுக்கு டெபுடி சூப்பிரண்ட் பதவி வரை கதவு திறந்தது. அதாவது ஒரு தமிழ் இன்ஸ்பெக்டருக்கு மேலே ஏறலாம் என்ற ஆசை காட்டப்பட்ட அதே வருஷங்களில்தான் அவர் ஊர்க்காரர்கள் வந்தே மாதரம் என்றார்கள்.

செங்கோட்டை பாசஞ்சர்:

டீச்சர், இதோடு எல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். 1956இல்தான் இந்தப் பக்கம் வந்தது. வாஞ்சி வேலை பார்த்ததும் திருவிதாங்கூர் காட்டிலாகாவில். சதியாலோசனையின் இன்னொரு முனை பாண்டிச்சேரி, அது பிரெஞ்சுக்காரன் ஊர். பாரதியும் வ.வே.சு. ஐயரும் அங்கே. நம் இன்ஸ்பெக்டர் ஒரு வழக்குக்கு மூன்று அரசாங்கத்தின் வாசலில் நிற்க வேண்டும். திருவிதாங்கூரில் அனுமதி கேட்டு எழுத வேண்டும், பாண்டிச்சேரியில் மாறுவேடத்தில் ஒற்றர்களைத்தான் உலவவிட முடியும். புனலூரிலிருந்து மலையைக் குடைந்து வருகிற ரயில் பாதை போட்டு அப்போது சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஆரியங்காவு குகைக்குள் நுழையும்போது ஒரு அரசாங்கம், இறங்கிச் செங்கோட்டையைத் தாண்டினால் பக்கத்திலேயே இன்னொன்று! டஃபிக்குக்கூட ஒரே ஒரு எல்லைதான்.

இன்னொன்று கவனித்தீர்களா? ஆஷும் ஐரிஷ்காரர்தான்.

கொக்கிரகுளத்தான்:

ஆமாம், அது என்னையும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அயர்லாந்திலிருந்து வந்த ஆள் இங்கே கலெக்டர், அதே அயர்லாந்தில் எழுபது வருஷம் கழித்து டஃபி காருக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்.

சரி, நான் போன ஞாயிற்றுக்கிழமை மணியாச்சி போய்வந்தேன். பெயர்ப் பலகையில் வாஞ்சி மணியாச்சி. மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். கரிசல் வெயில், காற்றில் வேலிக்கருவை வாசம். நாவல் இங்கேதான் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 1911 ஜூன் 17. ஆஷும் அவர் மனைவியும் திருநெல்வேலியிலிருந்து வந்து, தூத்துக்குடியிலிருந்து வருகிற போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கொடைக்கானல் போக வேண்டும், பிள்ளைகள் அங்கே. வாஞ்சி ஏறிச் சுடுகிறார், இறங்கி ஓடுகிறார், பிளாட்பாரத்துக் கக்கூசுக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொள்கிறார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது.

எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த அரை மணி நேரம். கக்கூஸ் கதவுக்கு வெளியே கூட்டம். உள்ளே சத்தம் இல்லை. யாரோ ஒரு போலீஸ்காரர் முதலில் கதவைத் தள்ளியிருக்க வேண்டும். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கி, சட்டைப்பையில் ஒரு கடிதம். கடிதம் தமிழில். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அதை யாராவது வாசித்து மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். நம் இன்ஸ்பெக்டர் அங்கேதான் பேச ஆரம்பிக்கிறார்.

அந்தக் கடிதத்தில் ஒரு சொல் உண்டு, இன்றுவரை சண்டை ஓயாத சொல். ஐந்தாம் ஜார்ஜை ‘ஜார்ஜ் பஞ்சமன்’ என்று எழுதியிருக்கும். ஐந்தாமவன் என்றும் படிக்கலாம், சாதியைச் சொல்லி இழிக்கிறதாகவும் படிக்கலாம். கோமாமிசம் தின்கிறவன், மிலேச்சன் என்றெல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் இரண்டாவதை ஒதுக்கவே முடியாது. இந்தச் சொல்லுக்கு வந்ததும் இன்ஸ்பெக்டர் நிற்கிறார். இங்கிலீஷில் எதை எழுதுவார்? ஜார்ஜுக்குப் பட்டாபிஷேகம் இன்னும் ஐந்து நாளில். துரை பேனாவோடு காத்திருக்கிறார்.

தூத்துக்குடி டீச்சர்:

‘ஐந்தாம் ஜார்ஜ்’ என்று மட்டும்தான் எழுதுவார். எழுதிவிட்டு, தப்பில்லை, அகராதிப்படி சரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். டெ லூக்கா செய்வது மாதிரியே.

அம்பை வாசகன்:

எழுதுவார் டீச்சர். ஆனால் அதைச் சத்தமாகத் தமிழில் வாசித்திருப்பார் அல்லவா முதலில்? கக்கூசுக்குள்ளிருந்து பிரேதத்தை வெளியே தூக்கிக் கொண்டுவர யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்? ஸ்டேஷன் மாஸ்டரையா? அந்தக் கக்கூசைத் தினமும் கழுவுகிற மனுஷனைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அந்த மனுஷன் வாஞ்சியின் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வரும்போது, அந்தச் சொல் அவர் காதில் விழுந்திருக்கும். அவரைச் சொல்கிற சொல் அது. அவர் எந்தப் பக்கத்தில் வருவார் கொக்கிரகுளத்து அண்ணாச்சி? ரைட்டர் ஐயா, நீங்கள் சொல்லுங்கள். சம்பவ இடத்தில் போலீஸ் எழுதுகிற மகஜரில் அவர் பெயர் இருக்குமா?

ஓய்வுபெற்ற ரைட்டர்:

தம்பி, பிரேத விசாரணைக்குப் பஞ்சாயத்தார் வேண்டும். ஊரில் மதிப்புள்ள ஆட்களாகப் பார்த்து உட்காரவைப்போம். மணியாச்சி என்றால் ஸ்டேஷன் மாஸ்டர், சரக்கு ஏற்ற வந்த வியாபாரி, பக்கத்து ஊர் மணியக்காரர், இப்படி. அவர்கள் பெயர், தகப்பனார் பெயர், வயசு, தொழில் எல்லாம் வரும், கையெழுத்தும் வரும். கைப்பற்றிய பொருள் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போடுவோம். துப்பாக்கிக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று.

தூக்கினவரைப் பற்றி ‘ஆள் வைத்து அப்புறப்படுத்தப்பட்டது’ என்று எழுதுவோம். அதுதான் வாசகம். எனக்கு மூத்த ரைட்டர் சொல்லிக்கொடுத்தார், எனக்குப் பின்னால் வந்தவருக்கு நானும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். முப்பது வருஷத்தில் கிணறு, தண்டவாளம், ஆறு என்று எத்தனையோ இடத்தில் எத்தனையோ பிரேதம். தாமிரபரணியில் மூன்று நாள் ஊறினதை எல்லாம் மூக்கைக்கூடப் பொத்தாமல் ஒரே ஆள் தூக்கிக் கரையில் போட்டிருக்கிறார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் மகள் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு காகிதத்திலும் அவர் பெயரை நான் எழுதினதில்லை. அவருக்கு டீயும் வெற்றிலையும் வாங்கிக் கொடுத்த காசு மட்டும் செலவுச் சிட்டையில் இருக்கும், இதர வகை என்று.